அலே போய் வந்த தீவு

கரீபியன் கடலில் ஒரு தீவுக்குப் போய் வந்தேன் என்றால், கடல் என்ன நிறம், மணல் எப்படி என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். ரங்கூனில் நான் இருக்கும் இன்சீன் பகுதியில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. தேவாலய வாசலில், சந்தையில், நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலின் பக்கத்து இருக்கையில், எங்கும் ஒரே கேள்விதான்: "வெளியே போனவள் ஏன் திரும்பி வந்தாய்?" தமிழில் கேட்டவர்களுக்குத் தமிழிலும், பர்மியத்தில் கேட்டவர்களுக்குப் பர்மியத்திலும் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதை நீட்டிவிடலாம்.

முதலில் இரண்டு சொற்களைச் சொல்லியாக வேண்டும். ரங்கூன் தமிழர்கள் பேசும் தமிழில் பர்மியச் சொற்கள் தாராளமாகக் கலந்திருக்கும். அவற்றில் இரண்டு பயணத்துக்கானவை. ஓர் ஊருக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அது 'அலே' போவது. திரும்புகிற எண்ணமே இல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு போனால் அது 'அப்யீ' போவது. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு இவை புரிவதில்லை. எங்களுக்கோ இந்த இரண்டும் இல்லாமல் ஒரு விமான டிக்கெட்டைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. யாராவது புறப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலில் கேட்பது "அலேயா, அப்யீயா?" என்பதைத்தான்.

நான் அலே போனேன். இந்தக் கட்டுரையின் சாரம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை மற்றவர்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு.

நாங்கள் நான்கு தோழிகள், மிஷன் பள்ளியில் ஒரே வகுப்பு. ஒருத்தி நர்ஸாக இங்கிலாந்து போனாள், அங்கே ஒரு தீவுக்காரரை மணந்தாள், இருவரும் ஓய்வு பெற்றதும் அவருடைய தீவுக்கே குடிபோனாள். இன்னொருத்தி சிட்னியில் இருக்கிறாள். மூன்றாமவள் க்யிம்யிண்டைங்கில், படகுத்துறைக்குப் பக்கத்துச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறாள். அப்பா தமிழர், அம்மா பர்மியப் பெண். விகாரைக்குப் போகிறவள். ஆனாலும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு என் வீட்டில் முதல் ஆளாக நிற்பாள். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் கருவாட்டுக்காரி. நான்காவது நான். கப்பல் ஏஜென்சி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள், கணவரை இழந்தவள், பழைய ரயில்வே பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடியில் குடியிருப்பவள். எங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளைக் காலவரிசைப்படி படியெடுப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். யாராவது ஒரு தேதியைத் தப்பாகச் சொன்னால் எனக்கு உள்ளங்கை அரிக்கும்.

மழைக்காலம் முடியும் தறுவாயில், தீவுத் தோழி நால்வரையும் ஒரே வீடியோ அழைப்பில் கூட்டினாள். அத்தனை வருடம் பேசாமல் இருந்ததில் அவளுடைய பர்மியம் துருப்பிடித்துப் போயிருந்தது. பர்மியத்தில் தீவுக்கும் அடிமைக்கும் ஏறக்குறைய ஒரே சொல்தான், தொனி மட்டும் வேறு. அவள் "எல்லாரும் என் அடிமைக்கு வாங்க" என்று அழைத்தாள்.

"அமலே! உன் புருஷனப் பத்தி இப்பிடியா டீ வெளிப்படையாச் சொல்லுவ?" என்று பர்மிய 'ஐயோ'வில் தொடங்கிக் கேட்டாள் கருவாட்டுக்காரி.

அந்தச் சிரிப்பிலேயே பயணம் முடிவாகிவிட்டது. டொராண்டோவில் வேலை பார்க்கும் என் மகள் டிக்கெட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பாதை கனடா வழியாகப் போகிறது, அதற்கும் விசா வேண்டும், எங்கள் இருவருக்கும் தானே விண்ணப்பிக்கிறேன் என்றாள். நானும் கருவாட்டுக்காரியும் போய்க் கைரேகை கொடுத்தோம். அதன் பிறகு எனக்கு மட்டும் மருத்துவப் பரிசோதனை, நெஞ்சுக்கு எக்ஸ்ரே.

"விமானம் மாறி ஏறுறதுக்கு எக்ஸ்ரே எதுக்கு?" என்று மகளிடம் கேட்டேன்.

"அவங்க ரூல் அப்பிடி, மம்மி."

"எனக்கு எடுக்கலியே?" என்றாள் கருவாட்டுக்காரி. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தானே காரணமும் கண்டுபிடித்தாள். "நீ இருக்கிற இருப்புக்கு டி.பி.ன்னு நெனச்சிருப்பான்."

என் கணவரின் தம்பி, விமான நிலையம் உள்ள மிங்கலாடோனில் இருக்கிறார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும், மின்சாரம் வரும் முறை நேரத்தில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பவும் சாவியை அவரிடம் கொடுத்தேன். டிசம்பரின் முதல் சனிக்கிழமை புறப்பட்டோம். என்னிடம் ஒரே ஒரு சின்னப் பெட்டி. கருவாட்டுக்காரியிடம் மூன்று. அவற்றில் ஒன்று முழுக்கக் கருவாடும் வறுத்த இறால் பொடியும். ஏழு சுற்றுப் பிளாஸ்டிக் கட்டியும் மணம் அடங்கவில்லை.

தீவின் விமான நிலையம் எங்கள் ரயில் நிலையத்தைவிடச் சிறியது. சிட்னிக்காரி முன்பே வந்துவிட்டிருந்தாள். தீவுத் தோழி ஓடிவந்து எங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு என் பெட்டியைப் பார்த்தாள்.

"ஏண்டீ, அப்யீ வந்தவளுக்கு இத்தனூண்டு பெட்டியா?"

மறுபடியும் சிரித்தோம். "அப்யீ இல்ல டீ, அலே. அலே வந்திருக்கேன். உன் பர்மியத்த எண்ணெயில ஊறப் போடணும்" என்றேன். கருவாட்டுக்காரி அதைப் பாட்டாகவே பாடிக் காட்டினாள். தீவுத் தோழி சிரிக்கவில்லை. கார் சாவியைத் தேடுவதில் மும்முரமாக இருந்தாள். பயணக் களைப்பில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் சில நாட்கள் நன்றாக இருந்தன. அதை நான் மறுக்கப் போவதில்லை. கடல் பச்சையும் நீலமுமாக, அடியில் கிடக்கும் சிப்பி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. எங்கள் ஆற்றின் சேற்று நிறத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது கொஞ்சம் வெட்கமில்லாத தண்ணீர். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை அப்பிக்கொண்டு நால்வரும் கரையில் உட்கார்ந்தோம். குளிக்க இறங்கும்போது, எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்வதுபோல, லுங்கியை மார்புக்கு மேலே ஏற்றி முடிந்துகொண்டோம்.

ஒரு நாள் ஓர் ஓட்டலின் நீச்சல்குளத்துக்குப் போனபோது அங்கிருந்த காவலாளி எங்களைத் தடுத்தார். நீச்சல் உடை இல்லாமல் இறங்கக் கூடாதாம். சுற்றிலும் முக்கால் உடம்பு தெரியக் கிடந்தவர்களை ஒரு முறை பார்த்துவிட்டு, கருவாட்டுக்காரி இடுப்பில் கை வைத்தாள்.

"சொல்லு டீ அவன்கிட்ட. இதுக்குள்ளயே குளிப்போம், இதுக்குள்ளயே சோப்புப் போடுவோம், இதுக்குள்ளயே ஈரத்த மாத்திக் காஞ்சதக் கட்டுவோம், ஒரு விரல் தெரியாது. அவன் ஊர்ல யாராச்சும் அதச் செய்யட்டும் பாக்கலாம்."

நான் மொழிபெயர்த்தேன், ஒரு வரி விடாமல். காவலாளி வாய்விட்டுச் சிரித்தார், ஆனால் விடவில்லை. அவருக்கு அவர் வேலை. நாங்களும் விடவில்லை. ஓட்டலுக்கு நேர் எதிரே, அவர்கள் குளத்துக்குப் பத்தடி தள்ளியிருந்த கடலில் லுங்கியோடு இறங்கி, வெயில் சாயும் வரை கூச்சல் போட்டுக் குளித்தோம். அந்தக் கூச்சலில் சிட்னிக்காரியின் மூக்குக் கண்ணாடி கடலோடு போனது.

ஞாயிற்றுக்கிழமை தீவுத் தோழியின் கணவர் எங்களைக் கரும்புத் தோட்டத்துக்கு நடுவிலிருந்த ஒரு சிறு கோயிலுக்கு அழைத்துப் போனார். அவருடைய முன்னோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பூசாரிக்கும் தெரியாது. ஆனால் பூசாரி பாடியது தமிழ். பல நூறு கை மாறிய நாணயம்போல் எழுத்து தேய்ந்துபோன தமிழ். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதில் 'தாயே' என்பது மட்டும் எனக்குத் திட்டமாகக் கிடைத்தது. நான் கிறிஸ்தவள். இருந்தாலும் கை கூப்பினேன்.

திரும்பி வரும்போது அவர் ஆங்கிலத்தில் சொன்னார். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் திரும்பிப் போகக் கப்பல் உண்டு என்று சொல்லித்தான் அந்த மக்களை ஏற்றினார்களாம். முடிந்ததும் இன்னொரு ஒப்பந்தம், அல்லது கப்பலுக்குப் பதில் ஒரு துண்டு நிலம், அல்லது அடுத்த வருடம் பார்க்கலாம் என்ற பதில். அவருடைய பாட்டனின் தாய் கடைசிவரை தன் பெட்டியைப் பிரிக்கவில்லையாம். இதெல்லாம் நான் ஏற்கெனவே புத்தகங்களில் படித்ததுதான். இருந்தாலும் பிரிக்காத பெட்டி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அலே என்று நினைத்துக் கப்பலேறியவளை யார் யாரோ சேர்ந்து அப்யீ ஆக்கியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கியம் மறுநாளே என் மடியில் வந்து விழும் என்று அப்போது தெரியாது.

மறுநாள் காலை சமையலறையில் தீவுத் தோழி மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மற்ற இருவரும் மேசையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் திடீரென்று கத்தியை வைத்தாள்.

"அன்னைக்கு ஏர்போர்ட்ல நான் தப்பாச் சொல்லல டீ."

"எத?"

"அப்யீன்னு சொன்னத. உன் மக சொல்லித்தான் சொன்னேன். உனக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்."

பிறகு முழுவதும் வெளியே வந்தது. எனக்கு எடுத்திருந்தது விமானம் மாறுவதற்கான விசா அல்ல. பிள்ளைகளிடம் வந்து வருடக்கணக்கில் தங்கும் பெற்றோருக்கானது. திரும்பும் டிக்கெட்டை டொராண்டோவில் ரத்து செய்வதாக ஏற்பாடு. அங்கே எனக்கு ஓர் அறை, கட்டில், கம்பளிக் கோட்டு எல்லாம் தயார். இன்சீன் வீட்டை வாடகைக்கு விட என் கொழுந்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. சிட்னிக்காரிக்கும் தெரியும். கருவாட்டுக்காரிக்கு மட்டும் தெரியாது. அவள் வாயில் எதுவும் தங்காது என்பதால் அவளிடம் மறைத்திருந்தார்கள்.

"உன் நல்லதுக்குத்தான்" என்றாள் சிட்னிக்காரி. "அங்க என்ன இருக்கு? கரண்டு இல்ல, மருந்து இல்ல. ஒடம்பு முடியாமப் போனா யாரு இருக்கா? நாங்கல்லாம் அப்பவே வந்துட்டோம். நீயும் உன் வீட்டுக்காரரும் அந்த வருஷமே வந்திருக்கணும், எண்பத்தெட்டுல, போராட்டம் வெடிச்சப்பவே."

"அவருக்கும் எனக்கும் அப்ப கல்யாணமே ஆகல" என்றேன். எனக்கே ஆச்சரியம்தான். அந்த நிலையிலும் தேதியைத்தான் திருத்தினேன்.

கருவாட்டுக்காரி என் பக்கம் பேசுவாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? நீ இருந்துக்க. எனக்குக் கடை இருக்கு, அதப் பாத்துக்க வேற யாரும் இல்ல, நான் போயாகணும். இப்பிடி ஒரு பொண்ணு எனக்கு இருந்து, இப்பிடி ஒரு கட்டிலும் போட்டு வெச்சிருந்தா, நான் செருப்பக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டேன்."

அதுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் தூரத்திலிருந்து பேசுகிறார்கள் என்று தள்ளிவிடலாம். இவள் வாரம் ஒரு முறை ரயிலேறி என் வீட்டுக்கு வருகிறவள். இருட்டில் மாடிப்படி ஏறுவது எப்படி என்று தெரிந்தவள். அவளும் இரு என்கிறாள்.

மகளை அழைத்தேன். அவள் தமிழில் தொடங்கி, அழுகை வந்ததும் பர்மியத்துக்குத் தாவினாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"மம்மி, உங்க நம்பர்ல இருந்து நேரங்கெட்ட நேரத்துல போன் வந்தா என் நெஞ்சு நின்னுபோகுது. என்னைக்கு என்ன சேதி வருமோன்னு நான் எத்தன வருஷம் இருக்கிறது? எல்லாரும் வெளிய வரத் தவிக்கிறாங்க. உங்களுக்கு வழி இருக்கு. அங்கயேதான் இருப்பேன்னா, அது யாருக்காக?"

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வரமாட்டீங்க."

"அப்ப பதில் உனக்கே தெரிஞ்சிருக்கு."

பிறகு நான் பேசினேன். என்னை ஏமாற்றி அழைத்துப் போனதில் அன்பு இருந்தது என்பது எனக்குத் தெரியும், அதை அவளிடமே சொன்னேன். அன்பாகச் செய்ததால் அது ஏமாற்று இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் சொன்னேன். என் வீட்டை வாடகைக்கு விட எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு. என் டிக்கெட் இன்னும் செல்லுபடியாகும். அந்தக் கரும்புத் தோட்டத்துக் கிழவிக்குக் கிடைக்காதது அது. அதை நான் தூக்கிப் போடப் போவதில்லை.

நான் ஏதோ பெரிய காரணத்துக்காகத் திரும்பினேன் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊழியம், தியாகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் திருப்தியாகப் போய்விடுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து இளைஞர்கள் போகிறார்கள். அவர்களுக்குப் போக வேண்டிய காரணம் உண்டு, போகட்டும், நானே சிலருக்குப் பெட்டி கட்டிக் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பயம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் விடிந்ததும் என் ஜன்னலைத் திறந்து, பட்டறைப் பக்கத்துப் பாலத்தில் ரயில் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு, என் அடுப்பில் என் தேநீரைப் போட்டு, எனக்குத் தோன்றிய நேரத்தில் ஒரு பழைய பதிவேட்டைத் திறந்து உட்காருவது எனக்குப் பிடித்திருக்கிறது. கஷ்டமான ஊரில் வாழ்கிறவளின் வாழ்க்கையும் வாழ்க்கைதான். அதை யாரும் வந்து மீட்க வேண்டியதில்லை.

மீதி நாட்களை நான் வீணடிக்கவில்லை. கோபத்தோடேயே கடலில் குளித்தேன், கோபத்தோடேயே நண்டு தின்றேன். கடைசி நாளன்று நால்வரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். அதில் நான் மட்டும் சிரிக்கவில்லை. நன்றாகவே விழுந்திருக்கிறேன்.

டொராண்டோவில் விமானம் மாற நேரம் நிறைய இருந்தது. கையில் இருந்த விசாவால் வெளியே போக முடிந்தது. கருவாட்டுக்காரி உள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். "ஆத்தாளுக்கும் மகளுக்கும் நடுவுல நான் எதுக்கு?" என்றாள். மகள் தடுப்புக்கு அந்தப் பக்கம் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். எங்கள் இருவருக்கும் நெற்றி ஒன்று, பிடிவாதமும் ஒன்று. ஒரு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். அவள் வாங்கிய சூப் ஆறிப்போனது.

"அங்க உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, இப்ப இருக்கிற ராணுவ ஆட்சியில நான் வரக்கூட முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. கோட்டை மட்டும் என் தோளில் போட்டு, மேல் பொத்தானைப் பூட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் அப்பாவும் கோபத்தில் அப்படித்தான் நடப்பார். பாங்காக் வரை அந்தக் கோட்டைச் சுமந்து வியர்த்துக் கொட்டினேன். கருவாட்டுக்காரி என் பெட்டியைத் தன் வண்டியில் தூக்கி வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

மிங்கலாடோனில் இறங்கி வீட்டுக்குப் போனால், கதவைத் திறந்தவர் என் கொழுந்தனார். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி! நீங்க... பாப்பா வரமாட்டீங்கன்னு..."

"பாப்பா சொன்னா. நான் சொல்லலியே."

கூடத்தில் புத்தகங்கள் தரையில் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவற்றை வைத்திருந்த தேக்கு அலமாரி இல்லை. சுவரில் அது நின்ற இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. வாடகைக்கு வருகிறவர்களுக்கு அலமாரி வேண்டாம் என்று, முந்தின வாரம் இன்சீன் சந்தைப் பக்கத்துப் பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டாராம். வாடகைக்காரர்கள் திங்கட்கிழமை வருகிறார்களாம். அவர் கெட்டவர் அல்ல. செடிகள் எல்லாம் உயிரோடு இருந்தன.

"வீடு இல்லன்னு அவங்களுக்கு இப்பவே போன் போடுங்க" என்றேன். "போட்டுட்டு சட்டை மாத்திக்கிட்டு வாங்க. கடையக் காட்டணும்."

"இப்பவா அண்ணி? வெயில் மண்டையப் பொளக்குது. கரண்டும் போயிருச்சு. மூணு மாடிக்கு அத யாரு தூக்குறது?"

"எறக்குனது யாரு?"

அவர் சட்டை மாற்றினார். கடைக்காரர் அலமாரிக்கு ஏற்கெனவே வார்னிஷ் அடித்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தார். விற்ற சாமானைத் திரும்பக் கேட்கும் வழக்கம் இல்லை என்றார். அப்படியானால் இன்று முதல் இருக்கட்டும் என்று சொல்லி, அங்கேயே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு தட்டு சூரியகாந்தி விதை கொண்டுவந்து வைத்தாள். தட்டு காலியாவதற்குள் பேரம் படிந்தது.

சைக்கிள் ரிக்‌ஷாவின் பக்க இருக்கையில் அலமாரியைச் சாய்த்துக் கட்டினார்கள். கொழுந்தனார் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் பின்னால் கை கொடுத்துக்கொண்டே நடந்தேன். நண்பகல் சந்தை முழுக்க எங்களைப் பார்த்தது. காய்கறிக்காரி ஒருத்தி, "என்ன மாமி, வீடு மாத்துறீங்களா?" என்று கத்தினாள்.

"இல்ல. வழிய விடு" என்றேன்.